நினைவிழந்தவர்களின் கதையில் யார் எதை ஏன் செய்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நினைவிழப்பை மையமாக வைத்த சைக்கலாஜிக்கல் த்ரில்லரைப் படித்து முடித்தாலும் சரி, பார்த்து முடித்தாலும் சரி, அன்றிரவு தூக்கத்தைக் கெடுப்பது கதையின் திருப்பம் இல்லை. "அவள் ஏன் அப்படிச் செய்தாள்?" என்ற ஒரு கேள்விதான். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த அந்த மாதிரிக் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஏற்கெனவே வெளிவந்த கதை எதையும் எடுத்துப் பேசினால் அதைப் பார்க்காதவர்களுக்கு முடிவை உடைத்தது போலாகிவிடும். அதனால் இந்தப் பக்கத்துக்காகவே ஒரு சின்னக் கதை.

நிலா, அக்கா வானதி, தம்பி கதிர். ஓர் இரவு வீட்டில் தீப்பிடிக்கிறது. கதிர் இறந்துவிடுகிறான். நிலாவுக்குத் தலையில் பலத்த அடி. அந்த இரவும் அதற்கு முந்தைய ஆறு மாதமும் அவளுக்கு நினைவில் இல்லை, புதிதாக நடப்பதும் சில மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நிலா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள். "கதிர் எங்கே?" என்று கேட்டால் அக்கா ஒரு நாள் "வெளிநாட்டில் இருக்கிறான்" என்கிறாள், இன்னொரு நாள் "செத்துப்போயிட்டான்மா" என்கிறாள். நண்பன் என்று சொல்லிக்கொண்டு சேகர் என்பவர் அடிக்கடி வந்து தீயைப் பற்றியே கேட்கிறார். ஒரு டாக்டரும் உண்டு. கடைசியில் தெரிவது இதுதான்: கதிரோடு சண்டை போட்ட கோபத்தில் அவனுடைய கடிதங்களைக் கொளுத்தியவள் நிலா, அது வீட்டுக்கே பரவிவிட்டது. வானதிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சேகர் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர். நோட்டில் சில பக்கங்கள் கிழிந்திருப்பதைப் பார்த்து நாம் அக்காவைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வருவோம், கிழித்தவள் நிலாவேதான். கிழித்த பக்கங்கள் ஏழும் அவளுடைய தலையணை உறைக்குள் கிடக்கின்றன.

ஒரு கதாபாத்திரத்தின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள முதலில் எதைப் பார்ப்பது?

அந்தக் காட்சி நடக்கும்போது அவருக்கு என்ன தெரியும் என்பதை. வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இது. முடிவு தெரிந்தபின் நாம் எல்லாக் காட்சிகளையும் அந்த முடிவின் வெளிச்சத்தில் பார்க்கிறோம், "நிலாதான் தீ வைத்தவள், அதனால்தான் முதல் காட்சியில் தீக்குச்சியைப் பார்த்து நடுங்கினாள், குற்றவுணர்ச்சி!" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் முதல் காட்சியில் இருக்கும் நிலாவுக்குத் தான் தீ வைத்தது தெரியாது. தெரியாத குற்றத்துக்கு அவள் குற்றவுணர்ச்சி கொள்ள முடியாது. பயப்பட முடியும், அது வேறு. அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நான் செய்வது எளிமையான ஒன்று. சந்தேகம் வந்த காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தெரியும் என்று தவறாக நம்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். வானதி "செத்துப்போயிட்டான்" என்று சொன்ன நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவள் நிலாவுக்கு இது முதல் முறையாகத் தெரியவருகிறது என்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள், நிலாவோ காலையிலேயே நோட்டில் படித்துவிட்டு அக்கா உண்மை சொல்கிறாளா என்று சோதிப்பதற்காகத்தான் கேட்கிறாள். ஒரே உரையாடல்தான், ஆனால் இரண்டு பேரும் வெவ்வேறு காட்சியில் இருக்கிறார்கள். வானதியின் தயக்கத்தைத் திருட்டு முழி என்று படிப்பது இதைக் கவனிக்காததால் வருகிற தவறு.

நினைவே இல்லாத ஒருத்திக்கு நோக்கம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

இருக்கும். நினைவு போவதும் விருப்பம் போவதும் ஒன்றல்ல, இந்த வகைக் கதைகளின் சாவியே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயதாக இருக்கும்போது, மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளை உருவாக்க உதவும் பகுதியான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை உள்ளடக்கிய திசுவை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றை அவரால் மனதில் நிறுத்த முடியவில்லை, 2008இல் இறக்கும்வரை அப்படியேதான் வாழ்ந்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரக்கோட்டை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. அதை வரைந்து பார்த்ததே அவருக்கு நினைவில்லை! கைக்குத் தெரிகிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

இதைவிட நம் கதைக்கு நெருக்கமானது, 1911இல் எட்வர்ட் கிளாப்பரேட் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதிவைத்த சம்பவம். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண் நோயாளியோடு கைகுலுக்கும்போது அவர் விரலிடுக்கில் ஓர் ஊசியை மறைத்துவைத்துக் குத்தினார். அந்தச் சம்பவத்தை அந்தப் பெண் மறந்துபோனார். ஆனாலும் மறுபடி டாக்டர் கை நீட்டியபோது சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை, சில சமயம் ஆட்கள் கையில் ஊசியை ஒளித்துவைப்பார்கள் இல்லையா என்பதுபோல் பொதுவாக ஏதோ சொன்னார். (இன்று ஒரு நோயாளியிடம் இப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.)

அப்புறம் 2010இல் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். பத்து நிமிடத்துக்குள் படத்தில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துபோனது, சோகம் மட்டும் போகவில்லை. எதற்காக வருத்தமாக இருக்கிறோம் என்று தெரியாமலே வருத்தமாக இருந்தார்கள்.

இப்போது தீக்குச்சிக்கு வருவோம். நிலா நடுங்கியது குற்றவுணர்ச்சியால் இல்லை, அவளுக்குள் காரணம் இழந்த ஓர் உணர்வு மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். காரணம் இழந்த உணர்வு சும்மா இருக்காது, ஒரு காரணத்தைத் தேடும். கதை முழுக்க அவள் அக்காவைச் சந்தேகப்படுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான். அவளுக்குள் இருக்கும் பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்த ஒரே முகம் வானதியுடையது.

வானதி நல்லவளா, கெட்டவளா?

இந்த மாதிரிக் கதாபாத்திரங்களைப் பற்றி எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. அவள் ஏன் பொய் சொல்லத் தொடங்கினாள் என்பது ஒரு கேள்வி, ஏன் தொடர்ந்து சொன்னாள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் இந்த மாதிரிக் கதாபாத்திரங்களைப் பற்றிய சண்டை முடிவதே இல்லை.

தொடங்கியதைப் பாருங்கள். மருத்துவமனையில் கண் விழித்த தங்கை "கதிர் எங்கே?" என்கிறாள். சொல்கிறாள் வானதி. நிலா கதறி அழுது ஓய்கிறாள், தூங்குகிறாள். எழுந்து மறுபடி "கதிர் எங்கே?" மறுபடி அதே செய்தி, அதே கதறல், முதல் முறை கேட்பதுபோல. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ யாராக இருந்தாலும் "வெளிநாட்டில் இருக்கிறான்" என்று சொல்லிவிடுவார்கள். மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலருக்கு இந்த நிலைமை தெரியும். இறந்துபோன துணையைக் கேட்கும் ஒருவரிடம் தினமும் மரணச் செய்தி சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு, பராமரிப்பவர்களிடையே இன்றுவரை ஒரே பதில் கிடையாது. அந்த இடத்தில் வானதியைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடர்ந்தது வேறு கதை. வேண்டுமென்று வைத்த தீ என்று தெரிந்தால் காப்பீட்டுப் பணம் நின்றுபோகும், நிலா வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். சேகர் வரத் தொடங்கியதும் வானதியின் பொய்களுடைய நிறம் மாறுகிறது. அதுவரை கதிரைப் பற்றி மட்டும் பொய் சொன்னவள், இப்போது அந்த இரவைப் பற்றியும் சொல்கிறாள், கேட்காமலே சொல்கிறாள். இந்த "கேட்காமலே" என்பதைக் கவனியுங்கள். ஆறுதலுக்குச் சொல்லும் பொய் கேள்விக்குப் பதிலாக வரும், கேள்வி முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் பொய் முந்திக்கொண்டு வரும், அதில் விவரமும் தேவைக்கு அதிகமாக இருக்கும். எழுத்தாளர் திறமையானவர் என்றால் இந்த வித்தியாசத்தை வசனத்திலேயே வைத்திருப்பார்.

அதற்காகக் கடைசியில் அவள் பணத்துக்காகத்தான் செய்தாள் என்று முடிவுகட்டுவதும் எனக்கு ஏற்பில்லை. பாசமும் பயமும் பணத் தேவையும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கும், ஒன்று உண்மையென்றால் மற்றவை நாடகம் என்று ஆகிவிடாது. எது எந்தக் காட்சியில் மேலே வருகிறது என்று பார்க்கலாம், அதுவரைதான் நாம் போக முடியும்.

நினைவிழந்தவர் நடக்காததை நடந்ததாகச் சொன்னால் அது பொய்யா?

பெரும்பாலும் இல்லை. ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், நினைவில் இருக்கும் ஓட்டையை மூளை தானாகவே ஒரு கதையால் அடைத்துவிடுவது உண்டு. கன்ஃபாபுலேஷன் என்பார்கள். நீண்டகால மதுப்பழக்கத்தாலும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாட்டாலும் வரும் கோர்சகோஃப் நோயில் இது நன்றாகத் தெரியும். நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், மாதக்கணக்காக மருத்துவமனையில் படுத்திருப்பவர் ஒரு பயணத்தை நிறுத்தி நிதானமாக விவரிப்பார். சொல்கிறவர் அதை முழுதாக நம்புகிறார்.

நல்ல நினைவு உள்ளவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2005இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு முகப்படங்களைக் காட்டி எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கேட்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் கைவித்தை போல மாற்றி மற்றதைக் கொடுத்து, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. தேர்ந்தெடுக்காத முகத்துக்கு, அந்தச் சிரிப்பு பிடித்தது, அந்தத் தோடு பிடித்தது என்று காரணமும் சொன்னார்கள்.

ஆக ஒரு கதாபாத்திரம் "நான் இதற்காகத்தான் செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லும் காட்சியை, க்ளைமாக்ஸ் வாக்குமூலமாக இருந்தாலும், நான் ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வேன், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செய்ததையும் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நிலாவின் நோட்டை நம்பலாமா? அவளே எழுதியதுதானே?

அவள் எழுதியதுதான். எந்த அவள் என்பதுதான் கேள்வி.

கிளைவ் வேரிங் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞருக்கு 1985இல் மூளையில் வைரஸ் தொற்று வந்து, சில நொடிகளுக்கு மேல் எதுவும் மனதில் தங்காத நிலை ஏற்பட்டது. அவர் வைத்திருந்த நாட்குறிப்பில் இப்போதுதான் உண்மையாகவே விழித்திருக்கிறேன் என்ற பொருளில் நேரம் போட்டு எழுதுவார், சில நிமிடம் கழித்து அதை அடித்துவிட்டு இப்போதுதான் முதல் முறையாக விழித்தேன் என்று மறுபடி எழுதுவார். பக்கம் பக்கமாக அப்படியே. தன் கையெழுத்து என்று தெரிந்தாலும், எழுதியது தான்தான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனால் மனைவி அறைக்குள் வந்தால் பல வருடம் கழித்துப் பார்ப்பதுபோல ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார், பியானோ வாசிக்கவும் அவருக்கு மறக்கவில்லை. இதைப் படித்தபின் என்னால் கதைகளில் வரும் நோட்டுப் புத்தகங்களைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

நோட்டில் இருப்பது உண்மையா என்று கேட்பதைவிட, அந்த வரியை எழுதிய நிலா எந்த நிலாவை மனதில் வைத்து எழுதினாள் என்று கேட்டால் நிறையப் புரியும். "அக்காவை நம்பாதே" என்று ஒரு வரி இருக்கிறது. அது தகவல் இல்லை, கட்டளை. எழுதியவளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், படிக்கிறவளுக்குக் காரணம் கிடைக்காது, கட்டளை மட்டும்தான் கிடைக்கும். ஒரு நாள் கோபத்தில் எழுதியது பல மாதம் சட்டமாக நின்றுவிடுகிறது. எழுதாமல் விட்டதையும் பாருங்கள். வானதி இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நாட்களைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை, ஏனென்றால் பயமில்லாத நாளில் நிலாவுக்கு எழுதத் தோன்றவில்லை. பயந்த நாட்கள் மட்டுமே பதிவான நோட்டு அது, அதைப் படித்தே தினமும் அவள் தன்னைத் திரட்டிக்கொள்கிறாள்.

சேகர் உண்மையைத்தானே தேடினார்? அவர் மேல் என்ன தவறு?

தேடியது உண்மையைத்தான். கேட்ட விதம்தான் தவறு. அவருடைய நோக்கம் வெளிப்படுவதும் அந்த இடத்தில்தான்.

1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் செய்த ஒரு சோதனை இதற்கு உதவும். 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தின் படத்தைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் கார்கள் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள், மூன்றாவது குழுவிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இரண்டாவதில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு சொல்லால் வந்த வேறுபாடு.

சேகர் முதல் சந்திப்பிலேயே "அன்னைக்கு நீங்க தீக்குச்சியை எங்கே வெச்சீங்க?" என்று கேட்கிறார். "என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. அவரிடம் விடை முன்பே தயாராக இருக்கிறது, அதை நிலாவின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும், அவ்வளவே. அவர் சந்தேகம் கடைசியில் சரியாகப் போனது என்பதால் இது நியாயமாகிவிடாது. நிலா நிரபராதியாக இருந்திருந்தாலும் இதே கேள்வியால் அவளுக்குள் ஒரு தீக்குச்சி முளைத்திருக்கும். கதையில் பின்னால் நிலாவுக்குத் திரும்பி வரும் நினைவில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு சேகருடையது என்பதை என்னால் இன்னும் பிரிக்க முடியவில்லை, எழுதியவரும் பிரிக்காமல் விட்டால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

நிலா மறந்ததாக நடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டால்?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கதைக்குள் சான்று வேண்டும். நிஜ வாழ்க்கையில் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு பொருளைக் காட்டி மறைத்துவிட்டு, அப்புறம் இரண்டு பொருட்களைக் காட்டி நீங்கள் பார்த்தது எது என்று கேட்பார்கள், இப்படிப் பல தடவை. எதுவுமே நினைவில்லாதவர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஏறக்குறைய பாதி சரியாக வரும். நடிப்பவர் வேண்டுமென்றே தவறாகச் சொல்லிச் சொல்லிப் பாதிக்கும் மிகக் கீழே போய்விடுவதுண்டு. சரியான விடை தெரிந்தால்தானே அத்தனை தடவை அதைத் தவிர்க்க முடியும்?

கதையிலும் இதையே தேடலாம். உண்மையாக மறந்தவள் சில நேரம் தற்செயலாக ஆபத்தான விஷயத்தைத் தொட்டுவிடுவாள். நடிப்பவள் ஒரு தடவைகூடத் தொட மாட்டாள், அத்தனை சுத்தமாகச் சுற்றிப்போவாள். நிலா பலமுறை தொடுகிறாள், தம்பியின் கடிதங்களைப் பற்றி அவளே சேகரிடம் பேச்செடுக்கிறாள். அதனால் நடிக்கவில்லை என்பது என் முடிவு.

எந்த வகை நினைவிழப்பு என்பது முக்கியமா?

ரொம்ப. பழையது போய்விட்டதா, புதியது தங்கவில்லையா, தான் யார் என்பதே போய்விட்டதா என்பதைப் பொறுத்து ஒருவருக்கு என்ன நோக்கம் சாத்தியம் என்பது மாறும். பழையது மட்டும் போனவர் திட்டம் போட முடியும், காத்திருந்து பழிவாங்கவும் முடியும். புதியது தங்காதவரால் எழுத்தோ வேறொருவரோ இல்லாமல் நீண்ட திட்டம் எதையும் நடத்த முடியாது, அப்படி நடத்துவதாகக் காட்டினால் யார் அவருக்கு நினைவாக இருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

பழையது போகும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. 1881இலேயே தியோதூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர், அண்மையில் நடந்தவை முதலில் போகும், பழையவை அதிகம் தாக்குப்பிடிக்கும் என்று எழுதினார். நிலாவுக்குக் கதிரின் சிறுவயது அப்படியே இருக்கிறது, அவனோடு போட்ட சண்டை இல்லை. அவள் மனதில் இருக்கும் கதிர் அவள் கோபித்துக்கொள்ளாத கதிர். அவள் அவனை அவ்வளவு தீவிரமாகத் தேடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

தான் யார் என்பதே மறந்துபோவது அரிது, பெரும்பாலும் மன அழுத்தத்தோடு தொடர்புடையது. 1887இல் ஆன்சல் போர்ன் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர் காணாமல் போய், வேறு மாநிலத்தில் வேறு பெயரில் சின்னக் கடை நடத்தி, சுமார் இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் இது எந்த இடம் என்று கேட்டு எழுந்தார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அவரை நேரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தலையில் இன்னோர் அடி பட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடுமா?

வராது. இன்னும் மோசமாகத்தான் ஆகும். கதை அந்த வழியில் போனால், அதன்பின் வரும் "நினைவு திரும்பிய" காட்சிகளை வைத்து நோக்கத்தை அலசுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது.

டாக்டருக்கு என்ன நோக்கம்?

இந்தக் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. த்ரில்லரில் டாக்டர் என்றாலே சந்தேகப்படுவது நமக்குப் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தை எழுத்தாளர்களும் நம் கவனத்தைத் திருப்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒன்றைக் கவனியுங்கள், அவர் நிலாவிடம் பேசுகிறாரா, நிலாவின் முன்னாலேயே வானதியிடம் பேசுகிறாரா. இரண்டாவது நடக்கும் ஒவ்வொரு முறையும் நிலாவின் சந்தேகம் ஒரு படி ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

தான் செய்ததே நினைவில்லாதவளைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

இது த்ரில்லரை விடப் பழைய கேள்வி. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1694இல் வெளியான தன் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒரு செயலைத் தன்னுடையதாக உணரும் நனவு எதுவரை நீள்கிறதோ அதுவரைதான் ஒருவர் அதே ஆள் என்று வாதிட்டார். அப்படிப் பார்த்தால் இன்றைய நிலாவும் தீ வைத்த நிலாவும் ஒரே ஆள் இல்லை. 1785இல் தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானி இதை மறுத்து ஓர் உதாரணம் சொன்னார்: சிறுவனாக இருந்தபோது அடி வாங்கியதை இளம் அதிகாரி நினைவில் வைத்திருக்கிறான், அந்த அதிகாரியாக இருந்த நாட்களை வயதான தளபதி நினைவில் வைத்திருக்கிறார், சிறுவயதில் அடி வாங்கியது மட்டும் தளபதிக்கு நினைவில்லை. சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், சிறுவனும் தளபதியும் மட்டும் வேறு வேறு ஆட்களா?

நான் ரீட் பக்கம். ஆனால் நிலாவின் விஷயத்தில் பொறுப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். கடிதங்களைக் கொளுத்தியபோது அவளுக்குத் தம்பியைக் கொல்லும் எண்ணம் இல்லை, கோபம் மட்டும் இருந்தது. அதற்கு நேர்ந்த விளைவு பயங்கரமானது. பக்கங்களைக் கிழித்தபோதோ என்ன செய்கிறோம் என்று அவளுக்கு முழுதாகத் தெரியும். நாளை எழப்போகிற தன்னிடமிருந்து உண்மையை எடுத்துவிடுகிறாள், அந்த நாளைய நிலா அக்காவைச் சந்தேகப்படுவாள் என்று தெரிந்தே எடுக்கிறாள். வானதிக்கு நடந்த அநியாயத்துக்கு இந்த இரண்டாவது செயல்தான் காரணம், அதை மறதியின் மேல் போட முடியாது.

எழுத்தாளர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று எப்போது சொல்லலாம்?

கதாபாத்திரம் நமக்கு மறைத்தால் அது கதை. கதாபாத்திரம் தனக்குள் நினைத்துக்கொள்வதாகக் காட்டியதே பொய் என்று பின்னால் தெரிந்தால், அங்கே நான் கோபப்படுவேன். கிழிந்த பக்கங்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம், நிலாவின் விரல் நுனியில் மை கறை இருப்பதையும் பார்த்திருக்கிறோம், நாமாகத்தான் அக்கா என்று முடிவுகட்டினோம். அது நியாயமான ஆட்டம்.

கடைசிக் கேள்வி: மறக்க விரும்பித்தானே பக்கங்களைக் கிழித்தாள்? அப்படியானால் ஏன் எரித்துவிடவில்லை, ஏன் தூக்கிப்போடவில்லை?

இதற்குத் தோன்றும் விளக்கங்களில் எளிமையானது, அவளுக்குத் தீ என்றாலே பயம், அதனால் எரிக்கவில்லை என்பது. அது சரிதான், ஆனால் போதாது. தூக்கிப்போட்டிருக்கலாமே.

வரிசையாகப் பார்த்தால் இப்படித் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் அவள் உண்மையைக் கண்டுபிடிக்கிறாள், எழுதுகிறாள். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போது, நாளைக் காலை கண் விழித்ததும் இதைப் படிக்கப்போகிறவளை நினைக்கிறாள். கதிர் இறந்ததையும் அதற்குத் தானே காரணம் என்பதையும் ஒரே மூச்சில் படிக்கப்போகிறவளை. தாங்க முடியாமல் கிழிக்கிறாள். வானதி மருத்துவமனையில் ஐந்தாவது முறை செய்ததும் இதையேதான், அக்கா தங்கைக்குச் செய்ததை நிலா தனக்கே செய்துகொள்கிறாள். ஆனால் அந்தத் தாளில் இருப்பது கதிரின் கடைசி இரவு. அதைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. காலையில் கண்ணில் படாத, ஆனால் இரவில் தலைக்கடியில் இருக்கிற ஓர் இடத்தில் வைக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழு பக்கங்களும் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அப்படியானால் இரண்டாவது முறை வைக்கப் போனபோதே முதல் பக்கம் அவள் கையில் பட்டிருக்கும். ஏழாவது முறை ஆறு பக்கங்கள் பட்டிருக்கும். தான் இதை ஏற்கெனவே ஆறு முறை கண்டுபிடித்து ஆறு முறை மறைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே அவள் ஏழாவதை மடித்து வைத்தாள், மறுநாள் காலை வானதி காபி கொண்டுவந்தபோது "கதிர் எங்கே அக்கா?" என்று கேட்டாள்.